பிறர் நெஞ்சின் வாயிற்படி

கொரிய மொழி பயிலத் தொடங்கிய முதல் ஆண்டில், 'என் தாயார் ஊருக்குத் திரும்பிப் போக விரும்புகிறார்' என்னும் எளிய தொடரை எழுதிக்கொண்டுபோய் என் ஆசிரியையிடம் காட்டினேன். சொற்கள் சரியாக இருந்தன. வரிசையும் சரியாக இருந்தது. அவர் கரிக்கோலை எடுத்து, கடைசிச் சொல்லின் நடுவே சிறு கூரைபோல் ஒரு குறியிட்டு, அதன்மேல் ஓர் அசையை மட்டும் எழுதிச் சேர்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த விருப்பம் உங்களுடையதா, உங்கள் அம்மாவுடையதா?" என்று கேட்டார். அம்மாவுடையது என்றேன். "அப்படியானால் அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றார். ஊரைப் பற்றி அம்மா நாள்தோறும் பேசுகிறார், துணிப்பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார் என்று சொன்னேன். "அந்தப் பெட்டியைத்தான் நான் இப்போது சேர்த்தேன்" என்றார்.

அவர் சேர்த்த அசைக்குப் பின்னால் நிற்கும் விதி இது. கொரியர் தம் விருப்பத்தைச் சொல்லும்போது வினையோடு 'கோ சிப்தா' என்பதை இணைத்துச் சொல்வர். படர்க்கையில் இருப்பவரின் விருப்பத்தைச் சொல்லும்போதோ அது 'கோ சிபொஹாதா' ஆகிவிடும். இடையில் வந்து சேர்ந்த 'ஹாதா' என்பது 'செய்தல்' எனப் பொருள்படும் மிக எளிய வினைச்சொல். என் விருப்பம் எனக்குள் இருக்கிறது. அதை நான் அப்படியே சொல்லலாம். பிறர் விருப்பத்தையோ அவர் செய்து காட்டிய அளவுக்குத்தான் நான் சொல்ல முடியும். உணர்ச்சிச் சொற்களுக்கும் இதுவே முறை. துயரத்தில் இருக்கிறேன் என்று என்னைப் பற்றிச் சொல்ல 'சுல்புதா' போதும். என் நண்பனைப் பற்றிச் சொல்ல அது 'சுல்பொஹாதா' ஆக வேண்டும். அச்சம், குளிர், வலி, தனிமை, ஏக்கம், பொறாமை ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடு உண்டு. 'அவன் துயரமாயிருக்கிறான்' என்று முதல் வடிவத்திலேயே ஒருவர் சொல்லிவிட்டால், அவன் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்தவர்போலப் பேசுகிறார் என்று கேட்பவர் காதுக்குப் படும். கதை எழுதுபவருக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. தாம் படைத்த மாந்தரின் உள்ளத்தை அவர் உள்ளிருந்தே அறிவார் என்பதனால், 'அவன் துயருற்றான்' என்று அவர் நேரே எழுதலாம். மற்ற நம் எவருக்கும் அந்த உரிமை இல்லை.

இதைத் தமிழர்க்கு விளக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுக்கப்பட்ட அவற்றை நம் முன்னோர் 'உள்ளப்பாடு' என்று அழைக்கவில்லை. மெய்யில், அதாவது உடலில், படுவதால் மெய்ப்பாடு என்றனர். உள்ளே நிகழ்வது உள்ளேயே இருக்கும். புறத்தார்க்குக் கிட்டுவது கண்ணின் நீர், உடலின் நடுக்கம், முகத்தின் மலர்ச்சி ஆகியவையே. பாட்டும் கூத்தும் நுகர்வோர்க்கு நம் மரபு வகுத்துவைத்த இந்த நுண்மையைக் கொரிய மொழி அடுப்படிப் பேச்சுக்கும் தெருப் பேச்சுக்கும் விதியாக வைத்திருக்கிறது என்பதை உணர்ந்த நாளில், நான் அந்தப் பாடநூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

முன்னிலையில் இருப்பவரிடம் பேசும்போது வேறோர் ஒழுங்கு உண்டு. கேள்வியாக இருந்தால் 'ஹாதா' வேண்டியதில்லை. போக விருப்பமா, குளிர்கிறதா என்று நேராகவே கேட்கலாம். விடை அவரிடம் இருக்கிறது, அதைச் சொல்லப்போகிறவர் அவர் என்பதனால் அங்கே எவர் உரிமையும் பறிபோவதில்லை. ஆனால் அதே சொல்லைக் கேள்வியாக்காமல் முடிவாகச் சொல்லி, 'உனக்குப் போக விருப்பம்' என்று எதிரே இருப்பவர்மேல் ஏற்றினால் கொரியச் செவிக்கு அது பொருந்தாது. அங்கே ஊகத்தின் மென்மையைக் கூட்டிப் பேச வேண்டும். இரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருந்தவரைக் காண வருபவர் 'ஹிம்துஷிகெஸ்ஸொயோ' என்பார். 'உங்களுக்குக் கடினமாக இருக்குமே' என்பது அதன் பொருள். அதன் நடுவே இருக்கும் 'கெஸ்' என்னும் சிறு துண்டுதான் ஊகத்தைச் சுமக்கிறது. உம் துன்பம் எனக்குத் தெரியும் என்று அது சொல்வதில்லை. உம் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன் என்று சொல்கிறது. ஆறுதல் சொல்லப் போகிறவர் எவ்வளவு தூரம் வரலாம், எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்பதை அந்த ஒரு துண்டு அளந்து வைத்திருக்கிறது.

கைக்குழந்தை அழுகிறது. அருகில் இருப்பவர் ஏன் அழுகிறது என்று கேட்கிறார். பெற்ற தாய் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, 'பசிக்கிறது போலிருக்கிறது' என்னும் பொருளில் 'கா பவாயோ' என்று முடியும் தொடரைச் சொல்கிறாள். அந்த முடிவில் இருப்பது 'பார்த்தல்' என்னும் வினை. பத்து மாதம் சுமந்தவள், அழுகையின் ஒவ்வொரு வகையையும் அறிந்தவள், தன் உடலிலிருந்து பிரிந்து வந்த உயிரைப் பற்றிக்கூடத் தான் பார்த்ததிலிருந்து தெரிந்ததாகவே பேசுகிறாள். பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்ல இன்னொரு முடிவு இருக்கிறது; அதைத் தமிழர் உடனே புரிந்துகொள்வர், ஏனெனில் 'பசிக்கிறதாம்' என்று நாம் சேர்க்கும் 'ஆம்' செய்யும் வேலையையே அது செய்கிறது. 1886இல் கொரியா சென்று அங்கே ஆசிரியப் பணி செய்த ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். அவர் கருதிய உறவை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் வினையைத் தொடரின் இறுதியில் வைத்து, அதன் வாலில் பேசுபவரின் அறிவு எத்தகையது என்பதைத் தொங்கவிடும் பழக்கம் இரு மொழிக்கும் இருப்பதால், இந்த நுட்பம் நமக்கு அயலாகத் தோன்றுவதில்லை.

எல்லாவற்றிலும் என்னை வியக்கவைத்தது 'தொரா' என்னும் முடிவு. தான் நேரில் கண்டறிந்ததை நினைவுகூர்ந்து சொல்லும்போது அதைச் சேர்ப்பர். 'அவன் பள்ளிக்குப் போகக் கண்டேன்' என்னும் பொருளில் பிறர் செயலுக்கு அது பொருந்தும். தன் செயலுக்குப் பொதுவாகப் பொருந்தாது, தான் நடந்ததைத் தானே எதிரில் நின்று பார்ப்பவர் எவருமில்லை. உணர்ச்சி வந்ததும் நிலை தலைகீழாகிவிடுகிறது. 'துயரமாயிருந்தது' என்று தன்னைப் பற்றி அந்த முடிவோடு சொல்லலாம். பிறனைப் பற்றிச் சொல்ல மீண்டும் 'ஹாதா'வின் துணை வேண்டும். செயலுக்குச் சான்று சொல்ல வெளியே நிற்பவன் தகுதியுடையவன். உணர்ச்சிக்குச் சான்று சொல்ல உள்ளே இருப்பவனே தகுதியுடையவன். வழக்குமன்றம் கற்றுக்கொடுக்க வேண்டிய இந்த நேர்மையைத் தாய்மொழி பேசக் கற்கும் ஐந்து வயதுக் குழந்தை அங்கே தானறியாமலே கற்றுவிடுகிறது.

இலக்கணம் எவரையும் நல்லவராக்கிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொரியர் வீடுகளிலும் பிறர் நெஞ்சைத் தவறாகப் படித்து வாழ்நாளெல்லாம் துன்புறுத்தியவர் இருப்பர். 'ஹாதா'வைச் சரியாகச் சேர்த்துக்கொண்டே பொய் சொல்பவரும் இருப்பர். விரும்புதல், வெறுத்தல் ஆகிய சொற்களில் அந்தச் சேர்க்கை பழகிப் பழகி இறுகிப்போய், தன்னைப் பற்றிப் பேசும்போதும் வழங்குகிறது. மொழி நினைவூட்டும், நடப்பது நம் கையில் இருக்கிறது. பத்து ஆள் ஆழமுள்ள நீரின் உள்ளே இருப்பதை அறிந்தாலும் ஓர் ஆள் உயரமுள்ள மனிதனின் உள்ளே இருப்பதை அறிய முடியாது என்பது அம்மக்களின் பழமொழி. அதே மக்கள், எதிரே இருப்பவரின் குறிப்பை உணரத் தெரியாதவனை 'நுன்ச்சி இல்லாதவன்' என்று குறையாகச் சொல்வர். விருந்தினர் கை தண்ணீர்க் குவளையைத் தேடுவதும், பெரியவர் பேச்சின் நடுவே நிறுத்திக்கொள்வதும், நண்பன் வழக்கத்தினும் ஒரு வாய் குறைவாக உண்பதும் கவனிக்காமல் விடக் கூடாதவை. அறிய முடியாது என்று சொன்ன வாயே அறியாதவனைக் கடிந்துகொள்வது முரணாகத் தோன்றலாம். ஆழ்ந்து பார்த்தால் இரண்டும் ஓர் அறத்தின் இரு கைகள். அறிந்துவிட்டதாக நா சொல்லக் கூடாது. அறியும் முயற்சியைக் கண் கைவிடக் கூடாது.

இந்த இரண்டிலும் தவறிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அது என் குடும்பம்.

என் பெரியம்மா பத்தொன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். வந்த புதிதில் நடந்த ஒரு விருந்தில், வயிற்று நோவு காரணமாகவோ நோன்பு காரணமாகவோ, பாயசம் வந்தபோது இலைமேல் கையை விரித்து மறைத்துக்கொண்டாராம். 'பெரியவளுக்கு இனிப்பு ஆகாது' என்று என் பாட்டி பந்தி முழுவதும் கேட்கச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார், புதுப்பெண்ணை எவரும் வற்புறுத்தக் கூடாதே என்ற பரிவில் சொன்னார். அந்தச் சொல் அன்று முதல் எங்கள் வீட்டில் தூண்போல் நின்றுவிட்டது. பொங்கலுக்கும் காதணி விழாவுக்கும் திருமணத்துக்கும் பாயச வாளி அவர் இலைக்கு நேரே வந்ததும் அடுத்த இலைக்குத் தாண்டிப் போகும். இளைஞனாக இருந்தபோது அந்த வாளியை நானே ஏந்தியிருக்கிறேன். எத்தனை பந்திகளில் அவர் முகத்தைக்கூடப் பாராமல் கரண்டியை அடுத்தவருக்கு நகர்த்தியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே இன்று கூசுகிறது.

46 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பொங்கலன்று, என் அண்ணனின் பேத்தி அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. "ஆச்சி இலைல மட்டும் ஏன் ஊத்தல?" என்று கேட்டாள். "ஆச்சிக்குப் பிடிக்காதும்மா" என்று பெரியவர்கள் நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னோம். குழந்தை எங்களை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி, "பிடிக்காதா ஆச்சி?" என்றாள். பெரியம்மா இலையில் இருந்த சோற்றைச் சிறிது நேரம் விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "கொஞ்சம் ஊத்தச் சொல்லு" என்றார்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று பின்னர் எவரோ கேட்டதற்கு அவர் சிரித்தாரே ஒழிய விடை சொல்லவில்லை. ஆகவே அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்று இப்போதும் நான் எழுதத் துணியேன்; எங்கள் பக்கம் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மருமகள் கேட்டு வாங்கி உண்பது அக்காலத்து வழக்கமன்று. கேட்கும் உரிமை வயதோடு வந்து சேர்ந்தபோது, அவரைப் பற்றிய அந்தச் சொல் அவரைக் காட்டிலும் வலிமை பெற்றுவிட்டிருந்தது. ஒரு நாள் அவர் கை செய்த செயலை, 'அன்று வேண்டாமென்றார்' என்று கண்ட அளவில் சொல்லியிருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும். 'ஆகாது' என்று அவர் உள்ளத்தின்மேல் எழுதியதால் அது ஒரு வாழ்நாளுக்கு நீண்டது.

பாயசம் சிறிய பொருள். அதே வாயால் நாம் பெரியவற்றையும் முடிவு செய்கிறோம். மகனுக்கு மருத்துவந்தான் விருப்பம் என்று சுற்றத்தார் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள் சொல்லிவந்த தந்தை, அவனுடைய கையெழுத்து நோட்டின் ஓரங்களில் என்ன வரைந்திருக்கிறான் என்று ஒருநாளும் திறந்து பார்த்திருக்க மாட்டார். கணவனை இழந்தவளுக்கு இனி என்ன ஆசை இருக்கப்போகிறது என்று சொல்லிவிட்டவர்கள் அவளை எந்த ஊருக்கும் அழைத்துப்போக மறந்துவிடுவர். நோயுற்றவர் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டே, அவர் காதில் விழும்படி, 'அவருக்கு இப்போது வலியில்லை' என்று வந்தவரிடம் சொல்வோம். ஓங்கிய குரலுள்ளவனின் நெஞ்சை எவரும் இவ்வாறு முன்கூட்டி அறிவிப்பதில்லை என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். குழந்தை, முதியவர், மருமகள், வேலைக்கு வந்தவர் என எதிர்த்துச் சொல்ல இயலாதவர் உள்ளத்தையே நாம் இவ்வளவு உறுதியாக அறிந்திருக்கிறோம். வலியவர் மெலியவர்பால் கவர்ந்துகொள்ளும் பொருள்களில் கண்ணுக்குத் தெரியாதது இது. நிலத்தைக் கவர்ந்தால் சான்று இருக்கும். சொல்லைக் கவர்ந்தால், இழந்தவரே நாளடைவில் அதை நம்பத் தொடங்கிவிடுவார்.

கொரிய நாட்டின் பேரரசர் சேஜோங்கை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1443இல் அவர் புதிய எழுத்துகளை உருவாக்கி முடித்தார். 1446இல் அவற்றை நாட்டுக்கு அளித்தார். அதுவரை அங்கே எழுத்து என்றால் சீன எழுத்து. அதைக் கற்க ஓய்வும் செல்வமும் வேண்டும். அந்த அறிவிப்பின் முன்னுரையில், பொதுமக்கள் தாம் சொல்ல விரும்புவதை எழுத்தில் வெளியிட இயலாமல் போகிறார்கள் என்பதை எண்ணி இரங்கி 28 எழுத்துகளைச் செய்ததாக அரசர் குறிப்பிடுகிறார். அரசவையில் எதிர்ப்பு இருந்தது. 1444இலேயே சோ மால்லி முதலிய அறிஞர்கள் மறுத்து விண்ணப்பம் எழுதினர். மக்களுக்கு என்ன வேண்டும் என்பதை நானே அறிவேன் என்று சொல்லி ஆளுவது எந்த அரசருக்கும் எளிது. அவர்கள் பெயரால் பேசிக்கொள்வதும் எளிது. இவர் செய்தது வேறு. என் மக்கள் விருப்பத்தை அவர்களே சொல்லட்டும் என்று அதற்குரிய கருவியைச் செய்து அவர்கள் கையில் கொடுத்தார். பிறர் உள்ளத்துக்கு ஒருவர் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன். அவற்றில் 24 எழுத்துகளால் அந்நாட்டுக் குழந்தைகள் இன்றும் தம் விருப்பத்தை எழுதிவருகிறார்கள்.

அந்த மொழியின் இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். உணர்ச்சிச் சொற்களுக்கு ஏவல் கிடையாது என்பது அங்கே இலக்கணம். 'துயரமாய் இராதே' என்று நேரே ஏவ முடியாது. 'ஹாதா'வைச் சேர்த்து, 'துயரப்படுதலைச் செய்யாதே' என்றுதான் சொல்லலாம். துயரம் வந்ததற்கு எவரும் பொறுப்பல்லர். அதில் தோய்ந்து கிடப்பதைத்தான் மெல்லத் தடுக்க முயலலாம் என்பது அதன் உட்பொருளாக எனக்குப் படுகிறது. ஆயினும் பிரியும் வேளையில் தாய் மகளிடம், 'நோயில்லாமல் இரு' என்னும் பொருளில், 'ஆபுஜி மா' என்று சொல்லிவிடுகிறாள். நலமாக இருங்கள் என்பதையும் அவ்வாறே ஏவலாகச் சொல்லிப் பெரியவரை வழியனுப்புகிறார்கள். பிழை என்று இலக்கணம் வல்லார் திருத்தியும் நாடு அதைக் கைவிடவில்லை. பிறர் உடலின்மேல் நமக்கு ஆணையில்லை என்பது தெரிந்தும், தெரிந்ததையே ஒரு நொடி மறந்து அன்பு அங்கே விதியை மீறுகிறது. அந்த மீறல் எவர் குரலையும் பறிப்பதில்லை. ஆதலால் அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் எவரைப் பற்றியேனும் நெடுநாளாக நிற்கும் ஒரு சொல் இருக்கும். அவருக்குப் பயணம் பிடிக்காது, அவருக்குக் கூட்டம் ஆகாது, அவர் ஒன்றுக்கும் ஆசைப்பட மாட்டார் என்பதுபோல் ஏதோ ஒன்று. அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் யார், எந்த நாளில் எதைக் கண்டு சொன்னார் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு இன்று மாலை, வேறு எவரும் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்து, உரியவரிடமே கேளுங்கள். கேட்டபின் விடைக்காகச் சற்றுப் பொறுத்திருங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு அதன்பின் மூன்று பொங்கல்தான் கிடைத்தது.